தலைவரின் பெனால்டி

ஆந்திர எல்லை ஊரான நகரியில் விசைத்தறி ஓட்டும் கோவர்த்தனனின் மகள் தரணி எந்த மாநிலத்துப் பெண் என்பதில் வெகுகாலம் யாருக்கும் அக்கறை இல்லை. சித்தூரில் கால்பந்து அணித் தேர்வுக்குப் போனால் தமிழ்ப்பிள்ளை என்று திருப்பி அனுப்பினார்கள். திருவள்ளூருக்குப் போனால் ஆதார் அட்டையைப் பார்த்துவிட்டு ஆந்திரா என்றார்கள். கடைசியில் சென்னையில் ஒரு கிளப் சேர்த்துக்கொண்டது. அங்கிருந்து தேசிய முகாம், பிறகு இந்திய அணி. காத்மாண்டுவில் நேபாளத்துக்கு எதிராக, ஆட்டம் முடியும் தறுவாயில் அவள் தலையால் முட்டிப் போட்ட கோல் செல்போன்களில் சுற்றியது. மறுநாளே அவள் எல்லாருக்கும் சொந்த ஊர்ப்பெண் ஆகிவிட்டாள்.

முந்திக்கொண்டவர் கிரண்குமார். அரிசி மில் முதலாளி, விளையாட்டுச் சங்கம் ஒன்றின் தலைவர். வாழ்நாளில் அவர் உதைத்தது மில் வாசலில் படுத்திருக்கும் நாய்களைத்தான். தரணி பள்ளியில் படித்தபோது சித்தூரில் மைதானத்து கேட்டைப் பெண்களுக்குப் பூட்டியவரும் அவரே. பெண்பிள்ளைகளுக்கு த்ரோபால் போதும் என்பது அவருடைய அன்றைய கொள்கை.

இப்போது திருப்பதியில் ஒரு கல்லூரி மைதானத்தில் பாராட்டு விழா வைத்தார். பேனர் முழுக்க அவர் முகம். மூலையில் சின்னதாக ஒரு பெண். அது தரணி அல்ல, அணியின் கோல்கீப்பர்.

"இவளுக்கு முதல் பந்து வாங்கிக் குடுத்ததே நான்தான்" என்று மைக்கில் சொன்னார் தலைவர். புத்தூர் சந்தையில் அந்தப் பந்தை வாங்கிய கோவர்த்தனன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டதை மேடையிலிருந்து தரணி பார்த்தாள். அதுவரை சும்மாதான் இருந்தாள்.

பேச்சு முடிந்ததும் தலைவர் அவளைக் கோல் கம்பங்களுக்கு நடுவே போகச் சொன்னார்.

"நான் பெனால்டி அடிக்கிறேன், டிவிகாரங்க எடுப்பாங்க. நீ அந்தப் பக்கம் பாஞ்சிடும்மா, அந்தே, அவ்ளோதான்."

"நான் ஃபார்வர்டு சார். கோல் போடறவ, தடுக்கறவ இல்ல."

"ஏதோ ஒண்ணு. ஃபுட்பால்தானே."

போய் நின்றாள். தலைவர் வேட்டியை மடித்துக் கட்டி உதைத்தார். பந்து உருண்டு வந்தது. தரணி எந்தப் பக்கமும் பாயவில்லை. காலை வைத்து நிறுத்தி, அவரிடமே தள்ளிவிட்டாள். இரண்டாவதும் அப்படியே போயிற்று. காலையிலிருந்து பூத்தட்டோடு வெயிலில் நிறுத்தப்பட்டிருந்த பள்ளிப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"என்னம்மா இது?" பல்லைக் கடித்தபடி கேட்டார்.

"நல்லா அடிங்க சார். நாயின்னு நெனச்சிக்கினு அடிங்க."

மூன்றாம் முறை ஓடிவந்து காலை வீசினார். பந்து வைத்த இடத்திலேயே இருந்தது. செருப்பு மட்டும் பறந்து கோலுக்குள் விழுந்தது. அதைத் தரணி தடுக்கவில்லை.

சிரிப்பு அடங்குவதற்குள் தலைவர் காரில் ஏறியிருந்தார். கண்ணாடியை இறக்கி, "இந்த ஜில்லாவுல இனிமே உனக்கு ஒரு வாசல் திறக்காது" என்றார்.

"எப்ப சார் தொறந்துச்சு?" என்றாள்.

கார் போனதும் சங்கத்து ஆட்கள் நாற்காலிகளை அப்படியே விட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடினார்கள். தரணி பட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பந்தை எடுத்தாள். பூத்தட்டு ஏந்திய பெண்களைப் பார்த்து, "யாராவது ஆடறீங்களா?" என்றாள்.

முதலில் யாரும் நகரவில்லை. பிறகு பாலசமுத்திரத்துக் கன்னிகா தட்டைத் தரையில் வைத்தாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். கொலுசும் வெறுங்காலுமாக இருட்டும் வரை ஆடினார்கள். கன்னிகா ஒருமுறை பந்தைத் தரணியின் கால்களுக்கு நடுவே தட்டி எடுத்துப் போனாள். தரணிக்குக் கோபமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. விடாமல் துரத்திப் போய்ப் பந்தைப் பிடுங்கினாள்.

மறுநாள் ஒரு தெலுங்குப் பேப்பரில், சங்கத் தலைவர் அழகான கோல் அடித்து விழாவை முடித்துவைத்ததாக வந்திருந்தது. கோவர்த்தனன் செல்போனை எடுத்தார்.

"போன் பண்ணிக் கேக்கறேன். இன்னா இது, வெக்கங்கெட்ட ஜனம்."

"உடு நைனா. கோலுக்குள்ள போச்சின்னு எழுதனது நெசந்தான். எது போச்சின்னுதான் எழுதல."

அவர் சிரிக்கவில்லை. பேப்பரை மடித்துத் தறிக்கடியில் எண்ணெய் சொட்டும் இடத்தில் விரித்துப் போட்டார். தரணி ஷூவைப் பையில் வைத்துக்கொண்டு சென்னை பஸ் பிடிக்கக் கிளம்பினாள். முகாம் திங்கட்கிழமை தொடங்குகிறது.