தெரேசா எழுதிய பெயர்கள்

ஐந்தாவது பெயரை வாசித்தபோதும் யாரும் எழுந்திருக்கவில்லை. பர்மாவின் க்யிம்யிண்டைங் படகுத்துறைக்குப் பக்கத்து மண்டபத்தில், சின் பழங்குடிகளின் மலையிலிருந்து மூன்று நாள் பஸ்ஸில் வந்த தாய் தகப்பன்மார் இருபது பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் அசையாமல் இருந்தார்கள். சற்று முன்புதான் மாணவர் விடுதியொன்றின் நிர்வாகம் பர்மிய மொழியில் மன்னிப்புக் கடிதத்தை வாசித்து முடித்திருந்தது. படிக்க வைக்கிறோம் என்று சொல்லி, பெற்றவர்கள் மறுத்தும் கேளாமல் பிள்ளைகளை லாரியில் ஏற்றி வந்தது தவறு, வருந்துகிறோம். இனி ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் தெரேசா வாசிக்க, பெற்றவர்கள் வந்து கடிதத்தின் பிரதியை வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஆறாவது பெயருக்கும் ஆள் இல்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் அந்த விடுதியில் குமாஸ்தாவாக இருந்தவள் அவள். லாரியிலிருந்து இறங்கிய பிள்ளைகளுக்கெல்லாம் பர்மியப் பெயர் வைக்கச் சொன்னார்கள். பழைய பெயரை எழுதப் பதிவேட்டில் இடமே கிடையாது. அவளும் கின் மியா, டின் வின் என்று மளமளவென்று எழுதித் தள்ளினாள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறதென்று பாராட்டுகூடக் கிடைத்தது. பிறகு பிள்ளைகளை ஊர் ஊராகப் பிரித்து அனுப்பினார்கள்.

நிகழ்ச்சியை ஏற்பாடு செய்த, அவளைப் போலவே பர்மாத் தமிழனான கிறிஸ்டோபர் குனிந்து தமிழில் சொன்னான். "நிறுத்தாதீங்க அக்கா. மொத்தத்தையும் வாசிச்சிருங்க. படம் எடுக்கிறாங்க."

"இந்தப் பேரெல்லாம் அவங்களுக்குத் தெரியாது கிறிஸ்டோபர். நான் வச்சது."

"இப்ப போயி அதச் சொல்லாதீங்க."

அவள் மேடையை விட்டு இறங்கினாள். முதல் வரிசையில் இருந்த பார் தியால் என்ற முதியவள் திக்கித் திக்கிப் பர்மிய மொழியில் கேட்டாள். "சயாமா, எங்க பிள்ளைங்க பேரு இன்னும் வரலியா?"

'சயாமா', டீச்சர். அந்த மரியாதை தெரேசாவைச் சுட்டது. "பேர மாத்தினது நான்தாம்மா."

பார் தியால் முதலில் தெரேசாவின் கைகளைப் பார்த்தாள். பிறகு பட்டியலைப் பிடுங்கி அவள் முகத்தெதிரே நீட்டினாள். "அப்ப இதுல எது என் மக?"

பட்டியலில் பெண் பிள்ளைகளின் பெயர்கள் பதினொன்று. தெரேசா ஒவ்வொன்றாக விரல் வைத்துத் தேடினாள். மொட்டையடித்த தலைகள் நினைவுக்கு வந்தன, லாரித் தார்ப்பாயின் நாற்றம் வந்தது. ஒரு முகமும் வரவில்லை.

"தெரியல."

"நல்லாப் பாருங்க. இடது புருவத்துல தழும்பு இருக்கும். ஏழு வயசு."

இன்னமும் ஏழு வயசு. தெரேசா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அவ பேரச் சொல்லுங்கம்மா" என்றாள்.

"சுய் மென்."

தெரேசா சொல்லிப் பார்த்தாள். முதியவள் தலையை ஆட்டினாள். அப்படியில்லை, கடைசியில் குரல் தாழ வேண்டும், இல்லாவிட்டால் அது வேறு ஏதோ சொல். இன்னொரு முறை சொன்னாள். அதுவும் பிசகியது. பின்னால் நாற்காலிகள் நகர்ந்தன. ஒவ்வொருவராக எழுந்து வந்து, தங்கள் பிள்ளையின் பெயரை வாய்க்குள் சொல்லியபடி, பார் தியாலுக்குப் பின்னால் வரிசையில் நின்றார்கள். பார் தியாலும் தரையில் உட்கார்ந்து, தன் காய்ந்த விரல்களைத் தெரேசாவின் உதடுகள்மேல் வைத்து, மறுபடி மெதுவாக மகளின் பெயரைச் சொன்னாள்.