பதினான்காவது பீர்

யாங்கோனின் தின்கன்ஜூன் பேட்டையில் ஜோஸ் காய்ச்சிய பதினான்காவது பீரின் மூடியைத் திறந்தால், திறந்த வீட்டில் மட்டும் கரண்ட் வரும். பாட்டிலில் கேஸ் முழுக்கப் போய் நுரை அடங்கும்வரை, ஏறக்குறைய மூன்று மணி நேரம், நிற்காமல் இருக்கும். மீட்டர் ஓடாது. பக்கத்து வீடு இருட்டாகவே கிடக்கும். இரண்டு வருடத்துக்கு முந்தைய மழைக்காலத்தில் தொடங்கிய இந்த ஏற்பாட்டைத் தெருவில் இன்று யாரும் அதிசயமாகப் பேசுவதில்லை. வோல்டேஜ் போதவில்லை என்றுதான் பேசுகிறார்கள்.

ஜோஸ் பபேடானில் ஒரு கப்பல் ஏஜென்சியில் எழுத்தர். வீட்டில் பீர் காய்ச்சுவது அவருக்கு இருந்த ஒரே பழக்கம், ஒருமுறை காய்ச்சியதை மறுமுறை காய்ச்சுவதில்லை என்பது ஒரே கொள்கை. ஊறவைத்த தேயிலை போட்டு ஒன்று, எலுமிச்சைப் புல் போட்டு ஒன்று, டுரியான் போட்டு ஒன்று என்று பதிமூன்று வகை காய்ச்சி முடித்திருந்தார். டுரியானுக்குப் பிறகு இரண்டு ஞாயிறு பூசையில் அவருக்கு முன் பெஞ்சும் பின் பெஞ்சும் காலியாகவே இருந்தன. அவர் மனைவி ஏஞ்சலாவின் அண்ணன் பால் நேர் எதிர். மிங்கலா தாங்ஞுன்டில் ரயில் சத்தம் கேட்கும் வீட்டில் பதினோரு வருடமாக ஒரே பீரை நாற்பத்தெட்டுத் தடவை காய்ச்சியவர். ஒவ்வொரு தடவையும் அரை டிகிரி கூட்டி, ஒரு சிட்டிகை குறைத்து, எல்லாவற்றையும் நோட்டில் எழுதுவார். போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு மணி நேரம் விளக்குவார். குடித்தவர்கள் தலையாட்டிவிட்டு, அப்படி ஒரு வித்தியாசத்தை நாக்கில் தேடிப் பார்த்து, கிடைக்காமல் வீடு போய்ச் சேர்வார்கள்.

“நாப்பத்தெட்டுத் தடவ ஒரே படத்தப் பாக்க எப்படி மச்சான் முடியுது?” என்பார் ஜோஸ்.

“நீங்க பதிமூணு படத்துலயும் இன்டர்வலோட எழுந்து வந்த ஆளு மாப்ள,” என்பார் பால்.

பதினான்காவது உருவான விதம் மிகச் சாதாரணமானது. ஒரு ஜூலை மாதப் பிற்பகலில், வறுத்த மல்லியும் பனைவெல்லமும் போட்டு மின் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. ஜோஸ் ஒரு வார்த்தை சொன்னார். பாதி பர்மியம், பாதி அவர் அப்பா துறைமுகத்தில் கற்றுக்கொண்ட தமிழ்; கோயிலில் பாடற்குழுவில் நிற்பவர் சொல்லக்கூடிய வார்த்தையல்ல. பானையை மூடிவிட்டுப் படுத்துத் தூங்கினார். நான்கு மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்ததும் எழுந்து மறுபடி கொதிக்கவிட்டார். எதையும் எழுதிவைக்கவில்லை. மூன்று வாரம் கழித்து, பூசை முடிந்து வந்த ஒரு ஞாயிறன்று முதல் பாட்டிலைத் திறந்ததும், கரண்ட் இல்லாமல் நின்றிருந்த ஃபேன் சுற்றியது. எல்லோரும் கைதட்டினார்கள், பீருக்கு அல்ல. மூன்றாவது பாட்டிலில்தான் ஏஞ்சலாவுக்குச் சந்தேகம் வந்தது. பாட்டில் வாயைக் கட்டைவிரலால் அடைத்தார், ஃபேன் தளர்ந்தது. விரலை எடுத்தார், வேகம் பிடித்தது. ஏஞ்சலா வீட்டில் கேக் செய்து விற்பவர். கரண்ட் ஒழுங்காக இல்லாததால் அவருடைய கேக் சுடும் மின் அடுப்பு எட்டு மாதமாகத் துணி போர்த்திக் கிடந்தது. அன்று மாலையே துணியை எடுத்துவிட்டார்.

ஜோஸ் தமக்கென்று எடுத்துவைத்த ஒன்று போக, மிச்சமிருந்த இருபத்தேழு பாட்டிலும் ஒரே வாரத்தில் தெருவுக்குள் போய்விட்டன. டோ கின் தான் என்ற அம்மா தண்ணீர் மோட்டார் போட வாங்கினார். தையல்காரர் கரீமா மதுவை வீட்டுக்குள் சேர்க்காதவர் என்பதால் பாட்டிலை வாசல் கதவுக்கு வெளியே ஒரு ஸ்டூலில் வைத்துத் திறப்பார், கரண்ட் மட்டும் மரியாதையாக உள்ளே வந்து தையல் மெஷினை ஓட்டும். “கோ ஜோஸ், அதே பதினாலு எப்ப வரும்?” என்று வழியில் பார்ப்பவர்களெல்லாம் பர்மிய வழக்கில் அண்ணன் முறை வைத்துக் கேட்டார்கள். நல்லா இருந்ததா என்று ஜோஸ் திருப்பிக் கேட்டார். பிரமாதம், ஃப்ரிட்ஜில் ஐஸே கட்டிவிட்டது என்றார்கள். மூன்று மணி நேரம் கழித்து, கேஸ் போன பீரைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, பாட்டிலைக் கழுவி ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்தார்கள். கழுவித் தந்தார்களே, அதுவே பெரிய காரியம்.

வாழ்க்கையில் முதல்முறையாக ஜோஸ் ஒரு பீரைத் திரும்பக் காய்ச்ச உட்கார்ந்தார். சௌகரியமாக இருக்கட்டும் என்று பதினான்கில் ஒரு பாட்டிலைத் திறந்துவைத்து, வந்த கரண்டில் கொதிக்கவைத்தார். விளைந்ததைத் திறந்தபோது பல்பு கொசுவர்த்தி முனை அளவுக்குச் சிவந்து அணைந்தது. இரண்டாம் முயற்சியில் ரேடியோ மட்டும் இருமியது. அப்போதுதான் பால் நோட்டோடு வந்தார். தம் ஐம்பதாவது பீரில் திருத்த இனி ஒன்றுமில்லை என்ற துயரத்தில் இருந்த மனிதர், கண்களில் ஒளியோடு விசாரணையைத் தொடங்கினார். மூடி எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது? தூங்கும்போது வலமா, இடமா? கரண்ட் போனதும் என்ன செய்தீர்கள்?

“திட்டினேன்.”

“என்னன்னு? சொல்லுங்க மாப்ள, எழுதிக்கணும்.”

ஜோஸ் சொன்னார். பால் சிலுவை போட்டுக்கொண்டு எழுதினார்.

கரண்ட் கட்டாக வேண்டும், கட்டான கணத்தில் அந்த வார்த்தை மனதாரச் சொல்லப்பட வேண்டும் என்பது நான்கு மாதப் பரிசோதனையில் உறுதியானது. யாங்கோனில் முதலாவதுக்குப் பஞ்சமே இல்லை. பிறகு பால் திருத்தத் தொடங்கினார். மல்லியால் வெளிச்சம் துடிக்கிறது என்று மல்லியை எடுத்தார். பனைவெல்லத்தால் பல்பு மஞ்சளடிக்கிறது என்று அதையும் எடுத்தார். அடுத்த வருடக் கோடைக்குள் ஒரே பாட்டிலில் மோட்டார், மின் அடுப்பு, ஃப்ரிட்ஜ் மூன்றும் ஒன்றாக ஓடின. பீர் அரிசி கழுவிய தண்ணீர் போல இருந்தது. அது தெரிந்தவர் ஜோஸ் ஒருவர்தான், ஏனென்றால் வேறு யாரும் அதை வாயில் வைத்ததில்லை. ஏஞ்சலாகூட பாட்டிலைத் திறந்து மின் அடுப்பின் தலைமேல் வைத்துவிட்டு மாவைப் பிசையப் போய்விடுவார். ஜோஸுக்கு வலித்தது. அவர் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. தாம் காய்ச்சியதை யாராவது ஒருவர் குடித்து, நன்றாக இருக்கிறது என்றோ நாசமாக இருக்கிறது என்றோ சொல்ல வேண்டும். தெருவுக்கே வெளிச்சம் கொடுக்கும் மனிதருக்கு இந்தச் சின்ன ஆசை பொருந்தவில்லை என்று எல்லோரும் நினைத்தார்கள்.

சென்ற நவம்பரில் அவர் யாரிடமும் சொல்லாமல், வீட்டிலிருந்த ஒரே டிரம்மில் ரோசெல் என்ற சிவந்த புளிச்சைப் பூ போட்டுப் பதினைந்தாவது பீரைக் காய்ச்சினார். கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் முன்பு, ஏஞ்சலா முப்பது கேக்குக்கு மாவு கலந்து வைத்திருக்க, பால் பக்கத்தில் நிற்க, முதல் பாட்டில் திறக்கப்பட்டது. அழகான சிவப்பில் நுரை பொங்கியது. வேறொன்றும் நடக்கவில்லை. ஜோஸ் உண்மையைச் சொன்னார். தெரு நல்ல தெருவாதலால் யாரும் கல்லெறியவில்லை, அவர் முகத்தைப் பார்ப்பதை மட்டும் நிறுத்திக்கொண்டது. பால் நோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஏஞ்சலா கரி அடுப்பில் பதினோரு கேக் சுட்டார், மற்ற மாவைக் கொட்டினார். ஜனவரி முழுக்கக் கணவரிடம் பேசவில்லை. ஜோஸுக்கு அந்த ஒரு மாதம் டுரியான் ஞாயிறுகளைவிட நீளமாக இருந்தது.

பால் தம் வீட்டிலேயே பதினான்கைக் காய்ச்சிப் பார்த்தார். எல்லா அளவும் சரி, ஆனால் அந்த வார்த்தை அவர் வாயில் ஜெபம் போல வந்ததால் கரண்ட் எட்டிப்பார்த்துவிட்டுப் போய்விட்டது. பிப்ரவரியில் ஏஞ்சலாவைத் தூது அனுப்பினார். அதிலிருந்து மாதம் இரண்டு சனிக்கிழமை ஜோஸ் பஸ் பிடித்து மிங்கலா தாங்ஞுன்டுக்குப் போகிறார். பானை கொதிக்கும்வரை நாற்காலியில் காத்திருந்து, கரண்ட் போனதும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு வீடு திரும்புகிறார். மூன்று வாரத்தில் பாட்டில்கள் தெருவுக்கு வந்துவிடுகின்றன. தாமதமானால் தெரு பாலைத் திட்டுகிறது, அவர் அதையும் நோட்டில் குறித்துக்கொள்கிறார். ஜோஸின் டிரம் ஜோஸுக்கே திரும்பக் கிடைத்தது.

இந்த ஏப்ரலில், தண்ணீர்த் திருவிழாவுக்கு முந்தைய ஞாயிறு மாலை, ஏஞ்சலா கடைசி கேக்கை வெளியே எடுத்தபோது பாலின் பாட்டிலில் கேஸ் தீர்ந்து ஃபேன் நின்றது. ஜோஸ் மேசையில் பச்சை மாங்காய் போட்ட பதினேழாவதைத் திறந்துகொண்டிருந்தார். பழக்க தோஷத்தில் இருவரும் ஃபேனை அண்ணாந்து பார்த்தார்கள். அது அசையவில்லை. ஏஞ்சலா முகத்தைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்து, அவர் டம்ளரை இழுத்து ஒரு வாய் குடித்தார்.

“புளிப்பு ஜாஸ்தி,” என்றார்.

ஜோஸ் தலையாட்டினார். “அண்ணன் பாட்டில் ஒண்ணு திறக்கட்டுமா? இருட்டாகுது.”

“இருக்கட்டும்ங்க,” என்று ஏஞ்சலா டம்ளரை நீட்டினார். “இன்னும் கொஞ்சம் ஊத்துங்க.”