கூரை உரித்துப் பந்தலிட்ட கதை

பனந்தோப்புகளின் தலைமேல் இளவெயில் ஏறி, செம்மண் தோட்டங்களிலே துலா மிதிப்போரின் குரல் ஓய்ந்து, கத்தரிப் பாத்திகளில் பாய்ந்த நீர் இன்னும் உலராதிருந்த ஒரு புரட்டாதி முற்பகலிலே, யாழ்ப்பாணத்து அளவெட்டியூர் தன் அறிவு முழுவதையும் ஒருங்கே திரட்டி ஒரு பெரும்பிழை செய்துகொண்டிருந்தது. தமிழறிந்த வாசகரே, ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நிகழ்ந்த இதனை இன்று சொல்லும்போதும் எனக்குப் பொறுமை நில்லாது. இடையிடையே பெருமூச்சு வந்தால் மன்னித்தருள்க.

அவ்வூரில் பத்மாசினி என்பாள், கைம்பெண், உழவர் வீட்டுச் சிறுமியர்க்கு வீணையும் பாட்டும் பயிற்றி வந்தாள். மண்சுவரும், தென்னோலை முடைந்த கிடுகுக் கூரையும் கொண்ட ஒரு கொட்டிலே அவளது பள்ளி. சென்ற மாரியில் கூரை ஒழுகி வீணையொன்று வெடித்துப் போயிற்று. கலை வளர்க்கக் கொழும்பு அரசு புதிதாய் நிதி ஒதுக்கியிருப்பதை அறிந்து, ஓட்டுக் கூரை வேண்டி அவள் விண்ணப்பித்தாள். நிதி கிடைப்பின் பள்ளி நிலைக்கும். கிடையாவிடின் சிறுமியரை அனுப்பிவிட்டு, அச்சுவேலியிலுள்ள தமையன் வீட்டு அடுக்களைக்குப் போவதன்றி அவளுக்கு வேறு வழியில்லை. சிறுமியரின் பாட்டைக் கேட்டு முடிவு செய்ய அரசு அலுவலர் ஒருவர் வருவதாயிற்று.

அவ்வளவுதான், ஊரார் வரவேற்புச் சபை கூட்டிவிட்டனர்! மலாயாவில் அலுவல் பார்த்து ஓய்ந்து வந்த தியாகலிங்கம் அதன் தலைவர். பள்ளி முற்றத்தில் பந்தற்கால் நட்டு, மேலே வேயக் கிடுகு போதாமையால், அவர் பத்மாசினியிடம் வந்தார்.

“பிள்ளை, வாற பெரிய மனிசனை வெய்யிலுக்கை இருத்திறதோ? உன்ரை கொட்டில் கிடுகைக் கழட்டினால் பந்தல் முடிஞ்சிடும். ஓடு போடப்போற கூரைக்கு உது எதுக்கு?”

“ஓடு இன்னும் வரேல்லை, அண்ணை.”

“வந்த மாதிரித்தான்.”

ஊர்ப் பெரியவரை எதிர்த்துப் பேசி, வந்த நன்மையைக் கெடுத்தவள் என்று பெயரெடுக்க அஞ்சி அவள் விலகி வழிவிட்டாள். பொழுது சாயுமுன் கொட்டில் மொட்டையாயிற்று.

மறுநாள் அலுவலர் வந்தார். நிறைகுடம் வைத்து, மேலே வெள்ளைத் துணி கட்டி, குலைவாழை நாட்டி வரவேற்றதில் குறையில்லை. முதல் மாலையை யார் சூட்டுவது என்று எழுந்த பூசலில் வெயில் உச்சிக்கு வந்தது. பின்பு தலைவர் வரவேற்புரை நிகழ்த்தினார். அதனை வழிமொழிந்தொருவர், வழிமொழிந்தவரைப் பாராட்டி மற்றொருவர். அதன்பின் சிவக்கொழுந்துப் புலவர் தாம் யாத்த வாழ்த்துப்பாவை, ஒவ்வோரடியையும் இருமுறை பாடி, பொருளும் விரித்துரைத்தார். பந்தலோரத்தில் சிறுமியர் சுருதி சேர்ப்பதும், வெக்கையில் நரம்பு தளர்வதும், மீண்டும் சேர்ப்பதுமாய் இருந்தனர். ஐயோ, ஒரு பாட்டு, ஒரே ஒரு பாட்டுக்கு இடங்கொடுத்தால் இவர்கள் நாக்கு உலர்ந்தா போய்விடும்?

அலுவலர் புகைவண்டிக்கு நேரமாயிற்றென எழுந்து, “பள்ளிக்கூடம் எங்கே?” என்று வினவினார். நான்கு சுவரையும் அவற்றின்மேல் வானத்தையும் காட்டினர்.

“கூரையில்லாத பள்ளிக்கு நிதி வழங்க விதியில்லையே,” என்றார் அவர், உண்மையாகவே வருந்தி.

“கூரை உங்கடை தலைக்கு மேலை கிடக்குது, ஐயா,” என்றாள் பத்மாசினி.

அதனையும் வாழ்த்துப்பாவின் ஓரடியென எண்ணி அவர் கைகூப்பிப் புறப்பட்டார்.

ஊர் தன்னை நொந்துகொண்டதோ? இல்லை, அரசின்மேல் சீறியது. கலையைக் காவாத ஆட்சியைக் கண்டித்துக் கூட்டம் கூட்ட வேண்டுமென்று பந்தலைப் பிரியாமலே வைத்திருந்தது. ஐப்பசி பிறந்து, வடகீழ்வானம் கறுத்துத் திரண்ட ஒரு மாலையில் அக்கூட்டம் கூடியது. கடவுள் வாழ்த்துப் பாடச் சிறுமியரை அழைத்துவரப் பத்மாசினிக்கு ஆள் போயிற்று. அவள் சிறுமியரோடு வீணைகளையும் பாய்களையும் தன் தகரப் பெட்டியையும் கொணர்ந்து, பந்தல் நிறையப் பரப்பி அமர்ந்தாள்.

தலைவர் திகைத்தார். “பிள்ளை, பாடி முடிஞ்சால் எழும்பி இடம் விடுவியள்தானே? பேச வாறவை நிக்கினம்.”

“எங்கை போறது, அண்ணை? இது என்ரை கிடுகு. இனி இதுக்குக் கீழைதான் பள்ளிக்கூடம். நீங்கள் வெளியிலை நிண்டு கதையுங்கோ.”

அவர் கூட்டத்தை நோக்கித் திரும்புமுன் மழை இறங்கியது. சான்றோர் அனைவரும் முற்றத்தில் தோளோடு தோள் ஒட்டி நனைய, உள்ளே சிறுமியர் பாடினர். அந்தப் பாட்டைக் காக்கவென்று இத்தனை பேசிய ஊர், அன்றுதான் அதனை முதன்முறை முழுதாய்க் கேட்டது. நன்றாயிருந்தது என்பதை நனைந்த முகங்கள் ஒளிக்கவில்லை. கலைக்கு அரசு தருவது சிறிதோ பெரிதோ, அது வரும்வரை இருக்கும் கூரையைப் பிடுங்காதிருத்தலே ஊரார் செய்யத்தக்க முதல் உதவி.

பாட்டு ஓய்ந்தது. தலைப்பாகையிலிருந்து நீர் வழிய, நன்றியுரை கூறுவதற்காகத் தியாகலிங்கம் தொண்டையைச் செருமி முன்னே வந்தார். பத்மாசினி சிறுமியரை நோக்கித் தலையசைத்தாள். அவர்கள் அடுத்த பாட்டைத் தொடங்கினர்.