பெரட்டுக்குப் போன காடு

பூண்டுலோயாவுக்கு மேலே, ஏழாம் நம்பர் மலையில் நட்ட நாலாயிரத்து முந்நூறு மரக்கன்றுகளும் தினம் காலை ஆறரைக்குக் குழியை விட்டு எழுந்து பெரட்டுக்குப் போய், எட்டு மணிக்குள் திரும்பி வந்து நின்றுகொள்ளும். பெரட்டுக் களத்தில் மேற்பார்வைக் கண்டாக்கு சிவசாமி ஆட்களின் பெயரைக் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கும்வரை அவை கடைசி வரிசைக்குப் பின்னால் நிற்கும். தேயிலைத் தோட்டத்தில் எல்லோரும் பார்த்ததுதான். யாரும் அதைப் பெரிதாகப் பேசியதில்லை. நர்சரி அந்தக் களத்தை ஒட்டித்தான் இருந்தது. இரண்டு வருடம் பைக்குள் நின்று பெரட்டைக் கேட்டு வளர்ந்த கன்றுகள் வேறெங்கே போகும்?

வினை ட்ரோன் உருவத்தில் வந்தது. அந்த மலையில் பனிமூட்டம் விலகுவது ஏழிலிருந்து ஏழரை வரைதான். காடு வளர்ப்புத் திட்டத்தின் ட்ரோன்காரி சுதர்ஷினி அந்த அரை மணி நேரத்தில் எடுத்த படங்களில் குழிகள் மட்டுமே இருந்தன. கணினி எண்ணிப் பார்த்து, உயிரோடு இருப்பவை பூச்சியம் என்றது. அட்டன் அலுவலகத்திலிருந்து திட்ட அதிகாரி மத்தியாஸ் போன் எடுத்தார்.

“ஒண்ணுகூட மிஞ்சலையா மிஸ்?”

“பத்து மணிக்கு நடந்து போய்ப் பார்த்தேன் சேர். எல்லாம் நிக்குது.”

“மேலிடம் படத்தைத்தான் நம்பும். வியாழக்கிழமை இன்னொரு தடவை பறக்க விடுங்க. அதுலயும் இல்லன்னா திட்டத்தை மூடிருவாங்க.”

மூடினால் கன்றுகளைக் கவனிக்க ஆளில்லாமல் மலை மொட்டையாகவே கிடக்கும். ஆறு வருடத்துக்கு முந்திய மழையில் அது சரிந்துதான், அடியில் இருந்த தொழிலாளர் லயத்தில் நாகலெட்சுமியின் குசினி அடுப்போடும் சுவரோடும் போனது. அதன் பிறகு ஒவ்வொரு கன்றையும் தன் கையால் பையில் போட்டு வளர்த்தவள் அவள். லயத்தில் இன்னும் முப்பத்தெட்டுக் குடும்பங்கள் இருந்தன.

புதன்கிழமை பனி சீக்கிரமே விலகியது. சுதர்ஷினி ஆறரைக்கே ட்ரோனை ஏற்றினாள். திரையில், இடுப்பில் படங்குச் சாக்கு கட்டிய பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகுவதுபோல வேரைத் தூக்கிக்கொண்டு நாவலும் காட்டுப்பூவரசும் வரிசையாக இறங்கின. ஒரு தேயிலைச் செடியைக்கூட மிதிக்கவில்லை. நொண்டி நடந்த ஒரு கன்றுக்காகப் பின்னால் வந்தவை காத்து நின்றன. மலை முழுக்க மெல்ல நகர்ந்து இறங்குவது போலிருந்தது. ஆனால் ஒரு மண்கட்டி உருளவில்லை. பக்கத்தில் நின்று பார்த்த நாகலெட்சுமி கை கூப்பினாள். மின்கலம் தீரப்போகிறது என்று ட்ரோன் மூன்று தடவை கத்திய பிறகுதான் சுதர்ஷினி அதைத் தரையிறக்கினாள்.

“அக்கா, அதுங்களப் போகாதீங்கன்னு சொல்ல முடியாதா?”

“பெரட்டுக்குப் போகாதேன்னு நான் எப்படிச் சொல்றது? கண்டாக்கையாவக் கேப்போம்.”

சிவசாமி ஒரேயடியாக மறுத்தார். “வெள்ளக்காரன் காலத்துலேருந்து பெரட்டு இந்தக் களத்துலதான். மரத்துக்காக என்னை மலை ஏறச் சொல்றியா?”

“நீங்க ஏறினா அதுங்க எறங்காதுங்கய்யா.”

“தோட்டத் துரை கேட்டா?”

“லீவு சொல்லாம ஒரு நாள்கூட நிக்காத ஆளுங்க இந்தக் கன்னுகள விட்டா வேற யாரு இருக்காங்கன்னு கேளுங்க. நம்ம ஆளுங்க பாதிப் பேரு பெரட்டு முடிஞ்சுதானே வர்றாங்க!”

சுற்றி நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். சிவசாமிக்கும் மீசைக்குள் சிரிப்பு வந்தது. அதை மறைக்கத்தான் சரி என்றார்.

வியாழக்கிழமை காலை சிவசாமியையும் சேர்த்துத் தோட்டத்து ஆட்கள் நூற்று எண்பத்தாறு பேரும் அட்டைக்கடியோடு ஏழாம் மலை ஏறி, கன்றுகளுக்கு நடுவே வரிசையாக நின்றார்கள். சிவசாமி மூச்சு வாங்கியபடி பெயர் கூப்பிட்டார். ஒவ்வொரு பெயருக்கும் மலை முழுவதும் இலைகள் ஒரு தடவை அசைந்து அடங்கின. எந்தக் கன்றும் குழியை விட்டு எழவில்லை. மேலே ட்ரோன் பறந்தது. அன்று மாலை கணினி சொன்ன கணக்கு: நட்டவை நாலாயிரத்து முந்நூறு, உயிரோடு நிற்பவை நாலாயிரத்து நானூற்று எண்பத்தாறு.

மத்தியாஸ் படத்துடன் நேரில் வந்தார். ஆட்கள் ஒவ்வொருவர் தலையிலும் கணினி பச்சைப் புள்ளி வைத்திருந்தது. அவர் மேலிடத்துப் படிவத்தை எடுத்தார். கூடுதலாக இருப்பவை எவை என்று கேட்ட இடத்தில், ‘தானாக வளர்ந்தவை’ என்று எழுதினார். உள்நாட்டு இனமா, வெளியிலிருந்து வந்ததா என்ற அடுத்த கேள்வியில் பேனா சற்று நின்றது. அவருடைய தாத்தாவும் லயத்தில் பிறந்தவர்தான். உள்நாட்டு இனம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மேலிடம் ஏற்றுக்கொண்டது. அன்றிலிருந்து பெரட்டு மலையிலேயே நடக்கிறது. அந்த ஐப்பசியில் பதினொரு நாள் விடாமல் பெய்தும் நாகலெட்சுமியின் குசினியில் ஒரு பிடி மண் விழவில்லை. அடுத்த வருடப் படத்தில் ஒன்று குறையவே, பட்டுப்போனதா என்று மேலிடம் கடிதம் எழுதிக் கேட்டது. ஜெயந்தினி பிரசவ லீவில் இருக்கிறாள், தை மாதம் இரண்டாகத் திரும்பி வருவாள் என்று சுதர்ஷினி பதில் அனுப்பினாள். ‘இயற்கையான பெருக்கம், மகிழ்ச்சி’ என்று பதில் வந்தது.