மைனஸ் பதினெட்டு

லென்ஸில் கோளாறு என்று என்னிடம் வருகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்குக் கோளாறு கையில்தான் இருக்கும். இருபது வருடமாக லென்ஸ் பிரித்து மாட்டுகிறவன் என்பதால் இதை அவர்கள் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த வாயை ஒரே ஓர் ஆளிடம் மட்டும் பாதியிலேயே அடக்கிக்கொண்டேன்.

அந்த ஆள் என் அத்தான், அக்காவின் கணவர். முகங்கள் மட்டுமே எடுக்கும் ஸ்டூடியோ வைத்திருக்கிறார். அவருடைய பிழைப்பு மொத்தமும் ஒரு லென்ஸை நம்பித்தான். ஒன் பாயின்ட் டூ என்போம். அரைக் கிலோவுக்கு மேல் கனம், கிணறு மாதிரி வாய். முழுக்கத் திறந்து வைத்து எடுத்தால் இமைமுடி ஒவ்வொன்றும் எண்ணலாம், காது புகையாகிவிடும். தெளிவு விழும் இடம் ஒரு விரல் அகலம் இருந்தால் அதிகம். கண் அதற்குள் அகப்பட வேண்டும். அகப்பட்டால் அந்தப் படத்துக்கு ஈடு இல்லை. தவறினால் குப்பை.

போன வருடத் தொடக்கத்தில் முதல் தடவை வந்தார். லென்ஸோடு ஒரு சீட்டும் நீட்டினார். நேரில் நின்றுகொண்டே புகாரை எழுதிக் கொடுப்பது அவருடைய குசும்பு.

"டாக்டரே, நோயாளியோட சீட்டு. படிச்சிட்டு மருந்து குடுங்க."

'கண்ணை விட்டுவிட்டுக் கிருதாவைப் பிடிக்கிறது' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார். லென்ஸை அவருடைய கேமராவிலேயே மாட்டி, ஸ்டாண்டில் நிறுத்தி, சாய்த்து வைத்த அளவுகோலைப் படம் எடுத்துப் பார்த்தேன். மயிரிழை பிசகவில்லை.

"லென்ஸ் சுத்தமா இருக்கு அத்தான். நீங்கதான் ஆடறீங்க."

"உன் ஸ்டாண்டுல நல்லாத்தான் இருக்கும். என் கைக்கு வந்ததும் பின்னாடி ஓடுதே!"

"அப்போ நீங்களே எடுங்க."

எடுத்தார். பட்டனைப் பாதி அழுத்தினால் கேமரா ஃபோகஸ் பிடித்து 'பீப்' என்னும். முழுக்க அழுத்தினால் 'டக்'. பீப்புக்கும் டக்குக்கும் நடுவில் எடுக்கிற ஆள் முன்னால் சாய்ந்தால் ஃபோகஸும் அதே அளவு பின்னால் நழுவிவிடும். அளவுகோலில் பார்த்தேன், நழுவித்தான் இருந்தது.

"தொந்தி முன்னாடி இழுக்குது அத்தான். அதைக் குறைங்க, லென்ஸ் தானா சரியாயிடும்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன்.

கேமராவுக்குள் இதற்கென்றே ஒரு திருத்தம் உண்டு. மைனஸில் ஓர் எண் வைத்தால் ஃபோகஸ் அந்த அளவு கேமரா பக்கம் முன்னால் வரும். லென்ஸ் தவறாக இருந்தால்தான் அதைத் தொட வேண்டும். நான் அவர் கைக்கு ஏற்றபடி மைனஸ் நாலு வைத்து அனுப்பினேன். சொந்தக்காரரோடு வாதாடி என்ன ஆகப் போகிறது என்ற சோம்பல். அவர் சீட்டின் பின்பக்கம் தேதியையும் எண்ணையும் குறித்து, மேஜைக்கு மேலே ஆணியில் குத்தி வைத்தேன். வருகிறவர்களிடம் காட்டிச் சிரிக்கலாம் இல்லையா?

நாலு மாதம் கழித்து மறுபடி வந்தார். மைனஸ் ஒன்பது வைத்தேன். அப்புறம் ஒரு தடவை, மைனஸ் பதினாலு. ஒவ்வொரு தடவையும் ஒரு சீட்டு ஆணியில் ஏறியது. அந்த முறை ஏதோ நெருடியது. ஒரு லென்ஸ் கெட்டால் ஒரேயடியாகக் கெடும், அல்லது கெட்ட இடத்தில் நிற்கும். இப்படிப் படிப்படியாக இறங்காது. கேமராவில் மைனஸ் இருபது வரைதான் இடம். இது எதை நோக்கிப் போகிறது என்று ஒரு நிமிடம் யோசித்தேன். அதற்குள் அடுத்த ஆள் வந்துவிட்டான்.

நாலாவது தடவை அக்காவும் கூட வந்தாள். மத்தியான வெயில் ஜன்னல் வழியாக மேஜையில் விழுந்துகொண்டிருந்தது. மைனஸ் பதினெட்டு வைத்தேன். அத்தான் எடுத்துப் பார்த்துத் தலையாட்டிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். அக்கா சும்மா இருக்காமல் கேமராவைத் தூக்கி அவரையே இரண்டு படம் எடுத்தாள்.

கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். மூக்கு நுனி பளிச்சென்று இருந்தது. கண் கலங்கலாக இருந்தது.

"கை ஆட்டிட்டியாக்கா?"

"போடா. அவருக்குப் படம் எடுக்கக் கத்துக் குடுத்ததே நான்தான்."

மறுபடி எடுத்தாள். மூக்கு. நான் எடுத்தேன். மூக்கு. ஸ்டாண்டில் வைத்து எடுத்தேன். அதே மூக்கு. என்ன செய்து வைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. அந்தக் கேமரா இப்போது யார் கையிலும் பொய் சொல்லும், ஒருவர் கையைத் தவிர.

"அத்தான், அக்காவ ஒரு படம் எடுங்க."

இந்த முறை திரையைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தேன்.

பீப்.

விரல் நின்றது. அழுத்தச் சொல்லி அவர் முகம் கேட்கிறது, விரல் காதில் வாங்கவில்லை. அந்த இடைவெளியில் அவருடைய உடம்பு தனக்கே தெரியாமல் முன்னால் சரிந்தது. ஒன்று, இரண்டு என்று நான் மனதுக்குள் எண்ணியே விட்டேன்.

டக்.

அக்காவின் இமைமுடி ஒவ்வொன்றும் எண்ணும்படி இருந்தது.

"பாத்தியா!" அத்தானுக்கு ஒரே குஷி. "நான் சொன்னா மட்டும்தான் கேக்குது. உங்க அக்கா மாதிரி இல்ல."

அக்கா அவரை முறைத்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆணியிலிருந்து நாலு சீட்டுகளையும் உருவி வரிசையாக மேஜையில் பரப்பினேன். முதல் சீட்டு கொட்டை எழுத்து. இரண்டாவது கொஞ்சம் ஒடுங்கியது. மூன்றாவதில் வரி போகப் போக எழுத்து சுருங்கியது. நாலாவது எறும்பு ஊர்ந்தது போல இருந்தது. திருப்பிப் போட்டேன். நாலு, ஒன்பது, பதினாலு, பதினெட்டு.

அக்கா சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "பேங்க்ல கையெழுத்து ஒத்து வரலன்னு ரெண்டு தடவ திருப்பி அனுப்பிட்டாங்க. மாடிப்படி ஏற எவ்வளவு நேரம்னு நான் தினமும் திட்டறேன்டா."

அத்தான் சீட்டுகளைப் பார்க்கவே இல்லை. லென்ஸுக்கு மூடி போடுவதில் கவனமாக இருந்தார். மூடி பொருந்த நேரம் பிடித்தது.

"கைக்கு வியாதின்னா வேற டாக்டர்கிட்ட போகணும்," என்றார். "லென்ஸுக்கு வியாதின்னா நீ பாத்துப்பேன்னு இருந்தேன்."

அவருக்கு முன்பே தெரியும். அந்த வார்த்தையில் எனக்கு அது புரிந்தது. என் மேல் எனக்கு வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

நரம்பு டாக்டர் அவரை விரலைத் தட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார், ஒரு வரி எழுதச் சொன்னார். கை கால் அசைவு மெல்ல மெல்ல ஒடுங்கும் நரம்பு நோய் என்று பார்த்ததுமே டாக்டருக்குத் தெரிந்துவிட்டது. மாத்திரை கொஞ்ச காலம் பிடித்து நிறுத்தும், போனதைத் திருப்பிக் கொடுக்காது என்றார். "எப்போ ஆரம்பிச்சுது?" என்று கேட்டார். நான் சட்டைப் பையிலிருந்து சீட்டுகளை எடுத்து வைத்தேன்.

"பின்னாடி இருக்கற நம்பர் என்ன?"

"அவர் எவ்வளவு சாயறாரோ, அதை மறைக்கறதுக்கு நான் வெச்சதுங்க."

டாக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். என்னால் ஒரு வருடம் வீணாகிவிட்டது.

வெளியே வந்ததும் அக்கா கேமராவை என்னிடம் தந்தாள். "பழையபடி பூஜ்யத்துல வை. இனிமே நான் எடுக்கறேன். அவர் வர்றவங்க முகத்தத் திருப்பி உக்கார வெக்கட்டும், போதும்."

அத்தான் என் தோளைத் தொட்டார். கை லேசாகத்தான் இருந்தது. "மச்சான், இன்னும் ரெண்டு பாக்கி இருக்கு இல்ல?"

வாய் நீளமானவன் என்று பேர். அக்கா ஆட்டோ பிடிக்கத் திரும்பிய நேரத்தில் இருபது வைத்துக் கொடுத்தேன்.

ஐந்து மாதம் மாத்திரை தாக்குப் பிடித்தது. அந்தக் கேமராவை அவர் அக்காவிடம் தரவே இல்லை, அவள் வேறொன்றில் எடுத்தாள். நேற்று ஒரு பார்சல் வந்தது. உள்ளே லென்ஸும் கேமராவும், நாலாக மடித்த ஒரு சீட்டும். வெறும் கண்ணுக்கு அது பென்சில் கிறுக்கின கோடு. லென்ஸில் தூசி தேட வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை எடுத்துப் பிடித்துத்தான் படித்தேன்.

'மறுபடியும் பின்னால் போகிறது, டாக்டரே.'

சீட்டைத் திருப்பினேன். பின்பக்கம் தேதியை மட்டும் எழுதினேன்.