மேற்குப் பக்கம் ஒட்டவில்லை

தையல்காரி என்பது வீட்டில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர். ஊசியில் நூல் கோக்கக்கூடத் தெரியாதவள். கேமராவை ஒரே இடத்தில் நிறுத்திச் சுற்றிச் சுற்றி எடுத்த படங்களைக் கணினியில் ஓரத்தோடு ஓரம் சேர்த்துத் தைப்பதுதான் அவள் தொழில். பார்க்கிறவர்கள் விரலால் தள்ளி எந்தப் பக்கமும் திரும்பிக்கொள்ளலாம். இரவுப் படம் என்றால் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

அப்படித்தான் அந்த ஹோட்டல்காரரும் தன் மொட்டைமாடியை எடுக்கக் கூப்பிட்டார். மாடிக்கு மேற்கே, அடுத்த தெருவில், அவளுடைய அக்கா வீடு இருப்பது அவருக்குத் தெரியாது. பெயர்ப்பலகைக்காக அவர் போட்ட ராட்சத விளக்கு பாதியைப் பலகையிலும் மீதியை அக்காவின் படுக்கையறையிலும் கொட்டியது. விடியுமுன் ரொட்டிக்கடை அடுப்பில் நிற்க வேண்டியவள் அக்கா. மாதக்கணக்கில் தூக்கமில்லாமல், போன வாரம் கையைச் சுட்டுக்கொண்டாள். மூன்று முறை நேரில் போய்க் கேட்டும் பார்த்தாள். "எங்க வெளிச்சம் எங்க போர்டு மேலதாம்மா விழுது. உங்க வீட்டுக்கு அது எதுக்கு வரப்போகுது?" என்று வாய் கூசாமல் சொல்லி அனுப்பினார் மனுஷன்.

முதல் நாள் இரவு எடுத்ததைத் தைத்து அவரிடம் காட்டினாள். மேற்கே திருப்பியதும் அவர் முகத்தைச் சுளித்தார்.

"என்னம்மா, இந்த ஒரு வீடு மட்டும் பளீர்னு கண்ணைக் குத்துது? படமே கெட்டுப்போச்சு. கறுப்பாக்கிடு."

நுணலும் தன் வாயால் கெடும். அவளுக்கு உச்சிவரை சுர்ரென்று ஏறியது. அந்த ஜன்னலில் போர்வையை ஆணியடித்து மாட்டியும் ஒரு மனுஷி கண்மூட முடியாமல் கிடக்கிறாள். இவருக்குக் கெட்டது படமாம்!

"அந்த வெளிச்சம் எங்கேருந்து சார் வருது?"

அவர் தொண்டையைச் செருமினார். "அதெல்லாம் உனக்கெதுக்கும்மா? அழிக்க முடியுமா, முடியாதா?"

நிமிஷ வேலைதான். ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை.

"முடியாது சார். விளக்கை அணைங்க, திரும்ப எடுத்துத் தரேன்."

அன்று இரவே அவர் மாடியேறி வந்து, தானே சுவிட்சைத் தட்டி விளக்கை அணைத்தார். அக்கா மூன்று முறை கெஞ்சியும் அசையாத கை, ஒரு படத்துக்காக எத்தனை சுலபமாக அசைந்தது! அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆத்திரம்தான் கூடியது.

கொஞ்ச நேரத்தில் அக்காவிடமிருந்து போன் வந்தது. "அடியே, லைட்டு அணைஞ்சுபோச்சுடி! நான் தூங்கப்போறேன், யாரும் எழுப்பாதீங்க." சொன்னதும் வைத்துவிட்டாள்.

ஹோட்டல்காரர் மறுபடி வந்தார். "முடிஞ்சுதா? லைட்டைப் போடலாமா?"

"இல்ல சார். மேற்குப் பக்கம் ஒட்டல. இன்னொரு சுத்து எடுக்கணும்."

அப்புறமும் வந்தார், கொட்டாவி விட்டுக்கொண்டே. மேற்கு அப்போதும் ஒட்டவில்லை. தூக்கம் கெட்டால் எப்படியிருக்கும் என்று அவருக்கும் தெரியட்டுமே.

உண்மையில் முதல் சுற்றிலேயே படம் பிசிறில்லாமல் வந்திருந்தது. அக்கா வீட்டுச் சமையலறையில் விளக்கு எரிந்து, அவள் வேலைக்குக் கிளம்பும்வரை தங்கை கேமரா ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"இப்பவாவது சரியா வந்துச்சா?" சிவந்த கண்களைக் கசக்கிக்கொண்டு அவர் கேட்டார்.

"மேற்குதான் சார் இன்னும் உதைக்குது," என்றாள், கேமராவைக் கழற்றியபடி. "நாளைக்கும் அணைச்சு வைங்க, வரேன்."