ஆசிட் பட்ட பைரைட்

எங்கள் அக்கா சசிரேகாவுக்கு ஐந்து வருடமாக ஒரே சந்தேகம். ஒரு மலையடிவாரத்தில் தாதுப் படிவம் ஒன்று இருக்கிறது. அந்தப் பாறை எத்தனையோ கோடி வருடங்களுக்கு முன் ஆழத்தில் புதைந்து, வெந்து, உருமாறியது. தாது வேகும் முன்பே உள்ளே இருந்ததா, வெந்த பிறகு வந்து சேர்ந்ததா? இதைக் கண்டுபிடித்தால் டாக்டர் பட்டம்.

"கொழம்புல புளிய மொதல்லயே கரைச்சாங்களா, எறக்கினப்புறமா? வாயில வெச்சா தெரிஞ்சிட்டுப் போவுது. அதுக்கு இன்னாத்துக்குடி அஞ்சு வருசம்?" என்றாள் அம்மா.

அம்மா சொன்னது கிட்டத்தட்ட சரி. நாக்குக்குப் பதில் லேசர், அவ்வளவுதான். பைரைட் என்ற மஞ்சள் கனிமத்தின் மணிகளை லேசரால் சுட்டு, உள்ளே துளித்துளியாக ஒளிந்திருக்கும் ஆர்சனிக், ஈயம் எல்லாவற்றையும் அளப்பார்கள். மணியின் நடுவில் பழைய சரக்கு மிச்சமிருந்தால், தாது முன்பே இருந்தது என்கிற அக்கா ஜெயித்தாள். எங்கே சுட்டாலும் ஒரே மாதிரி என்றால், பிறகு வந்தது என்கிற கைடு பாண்டுரங்கன் சார் ஜெயித்தார். அவருக்கு ஜெயித்துப் பழக்கம்.

பெங்களூர் ஆய்வகத்தில் சனிக்கிழமை லேசர். விட்டால் அடுத்த தேதி நாலு மாதம் கழித்து. ஆய்வேட்டைக் கொடுக்க இரண்டே மாதம். கையில் மிஞ்சியதோ பிசினில் பதித்த ஒரே ஒரு கல் வில்லை. அதைக் கண்ணாடி மாதிரி பாலிஷ் போட வேண்டும். பல்கலைக்கழக மெஷின் பொங்கலிலிருந்து ஓய்வெடுக்கிறது.

"மாடி ரூம் வானமாமலை அண்ணன்கிட்ட குடுக்கா" என்றேன். நாங்குநேரிக்காரர். ஒரகடத்தில் கார் பாகம் வார்க்கும் கம்பெனியில் குவாலிட்டி லேப். தினமும் இரும்புத் துண்டை அறுத்து, பிசினில் பதித்து, பாலிஷ் போட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதுதான் வேலை. சூப்பர்வைசரும் தலையாட்டிவிட்டார்.

வியாழன் மதியம் ஷிப்ட் முடிந்து வந்தவர், கல்யாண லட்டு கொடுப்பது போல டப்பாவை நீட்டினார். அக்கா திறந்தாள். பளபளப்பைக் காணோம். பழுப்பாக ஏதோ இருந்தது.

"என்ன பண்ணீங்க?"

"பாலிஷ் போட்டு, ஆசிட் காட்டி, கழுவிட்டேன் மேடம்."

"ஆசிட்டா!"

"காட்டாம எப்படி? அப்பந்தான உள்ள கிரெயின் மணிமணியா தெரியும். இரும்புன்னா தண்ணியா கலப்போம். இது கல்லுல்லா, அதான் காட்டமாவே குடுத்தேன்."

பாலிஷோடு நிறுத்துவது அவர் லேபில் பல் துலக்கிவிட்டு வாய் கொப்பளிக்காமல் வருவதற்குச் சமம்.

அக்கா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "உன் பேச்சக் கேட்டேன் பாரு" என்றாள் என்னிடம். நான் சுவர் காலண்டரில் ராகுகாலம் பார்த்தேன்.

"ரிஜெக்டா மேடம்?" அண்ணன் குரல் இறங்கிவிட்டது. "மைக்ராஸ்கோப்புல நல்லாத்தான தெரிஞ்சிச்சு, வளையம் வளையமா."

"என்ன வளையம்?"

"மரத்த அறுத்தா இருக்கும்லா, அது மாதிரி. நடுவுல மட்டும். ஓரமெல்லாம் மொழுக்குனு கெடக்கு." போனில் படத்தைக் காட்டினார்.

அக்கா படத்தைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். பிறகு தன் நோட்டை எடுத்துப் பார்த்தாள்.

"ஆர்சனிக் அதிகம் இருக்கிற எடத்தை ஆசிட் அதிகமா கடிக்கும்டா. நடுவுலதான் பழைய பைரைட்டு. நான் சுடறதுக்குக் குறிச்சு வெச்ச பதினாலு புள்ளியும் ஓரத்துல கீது."

"அப்ப பாண்டுரங்கன் சாரை நீயே ஜெயிக்க வெச்சிருப்ப" என்றேன். முதுகில் ஒன்று விழுந்தது.

"இந்தப் பழுப்பு போக, லேசா இன்னொரு பாலிஷ் போடுவீங்களா? ஆசிட் இல்லாம?"

"ஆசிட் இல்லாமயா?" தாலி இல்லாமல் கல்யாணமா என்பது போலக் கேட்டார். "முயற்சி பண்ணுதேன்."

இம்முறை அக்காவும் கூடவே போனாள். ஆசிட் பாட்டிலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாகக் கேள்வி.

சனி சாயங்காலம் பெங்களூரிலிருந்து போன் வந்தது. "நடுவுல ஆர்சனிக்கும் ஈயமும் கொட்டிக் கெடக்குடா! ஓரத்துல தொடச்சு வெச்ச மாதிரி. வேகறதுக்கு முன்னாடியே இருந்திருக்கு!"

பாண்டுரங்கன் சார் எண்களைப் பார்த்தார். தனக்கும் ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான் தோன்றியது என்றார். பிறகு, எந்த ஆசிட், எத்தனை சதவீதம், எத்தனை நொடி என்று ஆய்வேட்டில் எழுதச் சொன்னார்.

அக்கா மாடிக்குப் போய்க் கேட்டாள். வானமாமலை அண்ணன் மனசாட்சியோடு யோசித்தார்.

"பாத்துக்கிட்டே இருந்தேன் மேடம். போதும்னு தோணிச்சு, கழுவிட்டேன்."